வைக்கோல் போருக்குப் பின்னால் நின்ற ஜெனரேட்டர்

மைக் செட் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, திடல்ல புரோகிராம். இத்தனை பாக்ஸ், இத்தனை ஆம்ப். எந்த ஜெனரேட்டர் எடுக்கலாம்?" கேட்டுவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் போனைத் தட்டிக் கணக்கையும் போட்டு முடித்துவிடுகிறீர்கள். உங்கள் கணக்கில் தப்பில்லை. தேவைக்கு மேல் கொஞ்சம் தெம்புள்ளதாக எடுக்க வேண்டும், பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மூச்சு வாங்காததாக இருக்க வேண்டும், லைட்டையும் சவுண்டையும் ஒரே லைனில் கட்டக் கூடாது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாதவர்கள் ஒரு ஆம்பைப் புகைத்துவிட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

போன் சொல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது. அந்த இயந்திரம் யாருடையது, எங்கே நிற்கப் போகிறது என்பது. இதில் கோட்டைவிட்டால் சில நாள் சிரித்துவிட்டுப் போய்விடலாம். திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். காற்று திரும்பி ஜெனரேட்டர் புகை அத்தனையும் பந்தலுக்குள் வந்துவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தாலி கட்டினார்கள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துப் போட்டோக்காரர் வளைத்து வளைத்து எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொல்லப்போவது சிரிக்கிற கதை இல்லை.

கதர் மேடையைவிட்டு இறங்கிக் கரைவேட்டி ஏறியிருந்த காலம் அது. கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் ஊர்க் களத்தில் கூலி அளக்கிற மரக்கால் மாறவில்லை. அறுப்பு வந்தாலே சண்டைதான். வயல் வேலைக்காரர்கள் கூலியைக் கூட்டிக் கேட்பார்கள், மிராசுதார்கள் வெளியூர் ஆளை இறக்குவார்கள், நெல் வண்டிக்கு முன்னால் போலீஸ் வேன் ஊருக்குள் வந்து நிற்கும்.

நான் பிறந்தது வாய்க்காலுக்குத் தென்கரையில், வயல் வேலைக்காரர்கள் தெருவில். மாயவரத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயரும் சில குழாய் ஸ்பீக்கரும் வாங்கியிருந்தேன். என் அக்கா அஞ்சலை ஊரிலேயே இருந்தாள். நடவுக்கு இறங்கும் பெண்களுக்கு அவள்தான் முன்னத்தி ஆள். அவள் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் வயல் முழுக்கத் திருப்பிப் பாடும். அப்படிப்பட்ட குரல்.

அந்த வருஷம் குறுவை அறுப்பின்போது கோயில் திடலில் ஒரு சமாதானக் கூட்டம் போட்டார்கள். மைக் என்னுடையது. கரண்ட், ஊரிலேயே பெரிய மிராசுதார் வீட்டிலிருந்து. அவருக்கு அரிசி ஆலையும் இருந்ததால் ஊரில் மில்லுக்காரர் என்றுதான் பெயர். மிராசுதார்கள் பேசி முடித்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் எழுந்து "ஐயா" என்று ஆரம்பித்தார். மைக் செத்துவிட்டது.

நான்தான் ஓடிப்போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். கம்பி உருகியிருந்தது. யாரும் அணைக்கவில்லை. பந்தலில் கட்டியிருந்த அலங்கார பல்பும் என் ஆம்பும் சேர்ந்து இழுத்ததை அது தாங்கவில்லை, அவ்வளவுதான். புதுக் கம்பி சுற்றிவிட்டு நான் திரும்புவதற்குள் கல் பறந்துகொண்டிருந்தது. ஒருவருக்கு மண்டை உடைந்தது. அன்று கைதானவர்களில் அக்காவின் வீட்டுக்காரரும் ஒருவர். என் அத்தான் கல்லைத் தொடவே இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றார், அதுதான் அவர் செய்தது.

ஃபியூஸ் தானாகத்தான் போனது என்று ஊர் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் நம்பவில்லை. அக்காவும் நம்பவில்லை.

"உங்க அத்தான உள்ள வச்சவங்க வீட்டு ஃபியூசுக்கு நீ சாட்சி சொல்றியாடா?" என்றாள்.

அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசமாட்டாள். அது எனக்கு வலித்தது. உண்மையைச் சொல்லியும் பொய்யனாக நிற்பது பெரிய வேதனை தம்பிகளா, இந்தத் தொழிலில் உங்களுக்கும் அது ஒரு நாள் நேரும்.

தை பிறந்தது. சம்பா அறுப்புக்குத் தயாராக நின்றது. தாலுகா ஆபீசில் பல நாள் பேசி, ஒருவழியாக இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டதை வாய்க்கால் ஓரத்துக் களத்தில் வைத்து, தாசில்தார் தன் வாயால், இரண்டு கரைக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதுதான் நிபந்தனை. கூலி என்ன, கேஸ் என்ன ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரியும். கேஸை விட்டால் அத்தான் வீட்டுக்கு வருவார். கூட்டம் கலைந்தால் அதுவும் கலையும். அக்காவுக்கு அந்தக் கூட்டம் அவ்வளவுதான்.

மைக் வேலை மறுபடி எனக்கே வந்தது. களத்தில் கரண்ட் கிடையாது. பேட்டரியில் ஓடுகிற செட்டுக்கு இரண்டு கரைக்கும் எட்டுகிற சக்தி கிடையாது. மில்லுக்காரர் தன் ஆலை ஜெனரேட்டரைத் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். புதுசு. பெரிசு. பாலில் விழுந்த சர்க்கரை மாதிரி சத்தமில்லாமல் ஓடும். கச்சேரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுத்திருப்பேன்.

அக்கா தானாக என்னைத் தேடி வந்தாள்.

"மில்லு இன்ஜினா போடப்போற?"

"நல்ல இன்ஜின்க்கா."

"நல்லதாவே இருக்கட்டும். பாதியில நின்னா யாருடா பதில் சொல்றது? நீயா?"

நான் அன்றே தரங்கம்பாடிக்குப் பஸ் ஏறினேன். அங்கே சிங்காரம் என்று ஒருவர். கடலுக்குப் போகிற குடும்பம். மீன்பிடி போக, பழைய ஜெனரேட்டர் ஒன்றை வண்டியில் ஏற்றி வைத்துக்கொண்டு கடற்கரை ஊர்த் திருவிழாக்களுக்கு வாடகைக்கு விடுவார். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற ரகம். ஊரைக் கூட்டுகிற சத்தம். பக்கத்திலேயே உட்கார்ந்து கையால் வேகத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் வோல்டேஜ் நிற்கும். அதை அவர் பிடிக்கிற நேர்த்தியை நான் பார்த்திருக்கிறேன்.

"உங்க ஊரு சண்டையில என் இன்ஜின ஏன்டா தம்பி இழுக்குற?" என்று கேட்டார்.

"உங்களுக்கு அங்க யாரையும் தெரியாதுண்ணே. அதுக்குத்தான்."

சிரித்துவிட்டார். நெல்லுக்கும் அவருக்கும் உள்ள உறவு சோற்றுத் தட்டோடு சரி. எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான்.

கூட்டத்தன்று வண்டியைப் பார்த்ததும் தாசில்தார் முகம் சுளித்தார். "ஏம்ப்பா, மில்லுல அவ்வளவு நல்ல செட்டு இருக்கு. நீ இந்தத் தகரத்தக் கொண்டாந்து நிறுத்தியிருக்க?"

"ஐயா, இது நின்னா இன்ஜின் நின்னுடுச்சும்பாங்க. அது நின்னா மில்லுக்காரர் நிறுத்திட்டாரும்பாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு மேடைப் பக்கம் போனார்.

களத்திலிருந்து தள்ளி, வாய்க்கால் மதகு ஓரமாக ஜெனரேட்டரை நிறுத்தினேன். புகைக்குழாய் தண்ணீரைப் பார்த்து இருந்தது. வடகரையில் மிராசுதார்களும் அவர்கள் ஆட்களும். தென்கரை நெடுக எங்கள் தெரு, முன்னால் பெண்கள், அவர்களுக்கு நடுவில் அக்கா. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. தாசில்தார் மேடை ஏறினார்.

முன்னுரை பேசும்போதே இன்ஜின் சத்தம் அவரைத் தொந்தரவு செய்வது தெரிந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் ஆம்ப்ளிஃபயரில் குனிந்து அவர் குரலைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவருடைய டவாலிப் பியூன் போய்ச் சிங்காரத்திடம், "கொஞ்சம் மறைவா தள்ளிப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். சிங்காரமும் ஓடுகிற இன்ஜினோடு வண்டியை உருட்டிக்கொண்டு போய், களத்து ஓரத்தில் இருந்த வைக்கோல் போருக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? கடற்கரையில் இன்ஜினை எப்போதும் கவிழ்த்துப் போட்ட படகின் மறைவில்தான் வைப்பார்கள். காற்றில் மணல் அடித்து இன்ஜினுக்குள் போகாமல் இருக்க. அவர் கைக்குப் பழகின வேலை அது. படகு இருக்கிற இடத்தில் இங்கே போர் இருந்தது. மணலில் பிறந்து வளர்ந்தவருக்கு வைக்கோலைப் பற்றி என்ன தெரியும்?

எனக்குத் தெரிந்தது சத்தம் திடீரென்று அடங்கியதுதான். தாசில்தார் குரல் துல்லியமாகக் கேட்டது. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பிறகு, சத்தத்தை எது குடித்தது என்று நிமிர்ந்து பார்த்தேன்.

வண்டியின் நுகத்தடி போருக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. போர் மில்லுக்காரருடையது. போன வருஷத்து வைக்கோல், காய்ந்து சருகாக இருந்தது. மண்ணெண்ணெய் இன்ஜினின் புகைக்குழாய் அவ்வப்போது கரித்துணுக்கைக் கனலாகத் துப்பும். போரின் அடியிலிருந்து ஒரு மெல்லிய புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அது இன்ஜின் புகை இல்லை. வாசனை வேறு.

தம்பிகளா, அந்த நேரத்தில் என் மனசில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். சமாதானம் சொல்லப்போகிற நாளில், மிராசுதாரின் போர், எங்கள் தெருக்காரன் கொண்டுவந்த இன்ஜினால் பற்றிக்கொள்கிறது. அதை விபத்து என்று யார் நம்புவார்கள்? உருகின ஃபியூஸ் கம்பியைக் கையில் எடுத்துக் காட்டியே நம்பாத ஊர் அது. போர் எரிந்தால் அதோடு நிற்காது. எந்தத் தெருவின் கூரைகள் வைக்கோலால் வேய்ந்தவை என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும். ஆனால் தாசில்தார் அப்போதுதான், "அறுப்புக் கூலியைப் பொறுத்தவரை" என்று ஆரம்பித்திருந்தார். அந்த இடத்தில் மைக் செத்தால் கோயில் திடல்தான் திரும்பவும். என்ன ஏது என்று கேட்க யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

நம் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் ஒருவர் பேசும்போது மைக்காரன் கை மைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. அந்தக் காலத்தில் எங்கள் தெருக்காரன் ஒருவன் அதிகாரிக்கு முன்னால் இருக்கிற மைக்கைப் பிடிப்பது என்பது அதைவிடப் பெரிய விஷயம். நான் மேடை ஏறினேன். மைக்கை என் பக்கம் திருப்பினேன். குரல் நடுங்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

"நான் அஞ்சலையோட தம்பி பேசுறேன். இன்ஜின் சூடேறிடுச்சு. எடம் மாத்தி வைக்கணும். இப்ப மைக்க நிறுத்தப்போறது நான். வேற யாரும் இல்ல. நான் சொல்லிட்டு நிறுத்துறேன். இருந்த எடத்துலயே இருங்க. திரும்பப் போடுவேன்."

சொன்னதில் பொய் இல்லை. தீ என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். போர் ஓரமாக எட்டிப் பார்த்த சிங்காரத்துக்குக் கையை அசைத்தேன். இன்ஜின் நின்றது.

அந்த நிசப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தாசில்தார் கோபத்தில் சிவந்து நின்றார். தென்கரையில் பின்னாலிருந்து ஒருவர், "திரும்பவும் அதே கதைதான்!" என்று கத்தினார். வாலிபர்கள் எழுந்தார்கள். வடகரையிலும் எழுந்தார்கள். நான் மேடையிலிருந்து குதித்துப் போரை நோக்கி நடந்தேன். ஓடக் கூடாது, ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள்.

அப்போது அக்காவின் குரல் கேட்டது.

"எல்லாரும் ஒக்காருங்க. என் தம்பி சொல்லிட்டுத்தானே நிறுத்தியிருக்கான்? ஒக்காருங்கன்னு சொல்றேன்ல!"

உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் நின்றபடியே மேடையைப் பார்த்துச் சொன்னாள். "ஐயா, நீங்க சும்மா வாயால சொல்லுங்க. நாங்க வாங்கிச் சொல்லிக்கிறோம்."

தாசில்தார் தயங்கினார். பிறகு, கையைக் குவித்து ஒரு வாக்கியம் சொன்னார். அக்கா அதை வாங்கி உரத்துச் சொன்னாள். நடவில் அடி எடுத்துக் கொடுப்பதுபோலத்தான். பெண்கள் எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். பின்னால் இருந்தவர்கள் வாங்கி அதற்கும் பின்னால் கொடுத்தார்கள். கலத்துக்கு எத்தனை படி என்பது அப்படித்தான் கரை நெடுகப் போனது. வெளியூர் ஆளை இறக்குவதில்லை என்பதும் அப்படியே போனது. கேட்டுத் தெரிந்துகொண்டதோடு அவர்கள் நிற்கவில்லை. தங்கள் வாயாலேயே சொன்னார்கள்.

போருக்குப் பின்னால் நானும் சிங்காரமும் இருந்தோம். கீழ்ப்பக்கம் ஒரு முழம் அளவுக்கு வைக்கோல் கருகிக் கனன்றுகொண்டிருந்தது. சிங்காரம் அதைப் பார்த்ததும் பேயறைந்தவர்போல ஆனார். சுடுகிற புகைக்குழாயையே வெறும் கையால் பிடித்து வண்டியைத் தள்ளினார். நான் கருகினதை வாரி வாரி வாய்க்காலில் போட்டேன். ஈரச் சாக்கை வைத்து அமுக்கினேன். தலையைத் தூக்கினால், மில்லுக்காரர் தன் நாற்காலியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் புகையைப் பார்த்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த ஆளும் பார்த்துவிட்டு எழப் போனான். மில்லுக்காரர் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் என்னிடம் கடைசிவரை பேசவில்லை, நானும் பேசவில்லை. அவரோடு எனக்கு ஆயிரம் வழக்கு உண்டு. ஆனால் அந்த ஒரு செயலுக்காக அவரை நான் மதித்தேன்.

வண்டியைப் பழையபடி மதகு ஓரத்துக்கே கொண்டுபோனோம். சிங்காரம் கிளப்பினார். நான் ஆம்ப்ளிஃபயருக்குப் போய் உட்கார்ந்தேன். வால்வு சூடேறி அது பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மைக்கைத் திறக்கவில்லை. அக்கா சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டுக்கொண்டு, கையை வால்யூம் திருகில் வைத்தபடி இருந்தேன்.

தாசில்தார் சொன்னார். "கைதானவங்க மேல உள்ள கேஸ, ரெண்டு தரப்பும் வாபஸ் வாங்கிக்கிறாங்க. ஆளுங்க எல்லாரும் வீட்டுக்கு வந்துடுவாங்க."

அக்கா வாயைத் திறந்தாள். "கைதான..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

பெண்கள் அவள் கொடுத்ததைத்தானே சொல்வார்கள். "கைதான..." என்று சேர்ந்து சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். பின்னால் போனதும் அந்த அரைச் சொல்தான். அக்காவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் இருந்தவர்கள், ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து மறுபடி எழத் தொடங்கினார்கள்.

நான் திருகைத் திறந்தேன். மைக் உயிர் பெற்ற சத்தம் தாசில்தாருக்குக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நல்ல மனிதர். குனிந்து, மைக்குக்குப் பக்கத்தில் வந்து, அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார். எல்லாக் குழாயிலும் கேட்டது. தென்கரையின் கடைசி ஆள்வரைக்கும் கேட்டது.

அக்கா வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையினால் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன், இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

ஆகவே தம்பிகளா, போனில் கணக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு முடிந்ததும் இடத்தைப் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். காற்று எந்தப் பக்கம், பக்கத்தில் எரிகிறது ஏதாவது உண்டா, நிறுத்தின இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். கேட்கிறவர்கள் நம்பாத இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும் எடுக்காதீர்கள். என்றைக்காவது சத்தத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், யார் நிறுத்துகிறார் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அன்று கூலிப் பேச்செல்லாம் அந்த இன்ஜின் இல்லாமலே கரை நெடுகப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு வரிக்கு மட்டும் அது வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் ஒன்று. கூட்டம் கலைந்து நான் மதகுக்குப் போனபோது சிங்காரம் படியில் உட்கார்ந்து, கொப்பளித்த உள்ளங்கையை வாய்க்கால் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின் பக்கத்தில் இருப்பவருக்கு மேடையில் பேசுவது எதுவும் கேட்காது. எத்தனையோ வருஷமாக இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு அன்றுதான் அது உறைத்தது.

"என்னடா தம்பி சொன்னாரு? பொம்பளைங்க கொலவ போட்டது மட்டும் கேட்டுச்சு."

"எங்க அத்தான் வீட்டுக்கு வர்றாருண்ணே."

அவர் கையை வெளியே எடுத்து ஒரு தரம் பார்த்தார்.

"அப்ப சரி" என்றார். மறுபடி தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார்.